கசந்த சுரைக்காயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவன் எழுதுவது

சுரைக்காய் ஜூஸ் குடித்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று சொன்னால் முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆபீஸில் சிரித்தார்கள், மச்சான் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தான், இன்ஷூரன்ஸ் ஃபாரம் நிரப்பிக் கொடுத்த பெண்கூட "சுரைக்காயா சார்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். இப்போது நானும் சிரிக்கிறேன். ஆனால் அன்று காலை ஏழு மணிக்கு, முகப்பேரில் ஒரு மாடி வீட்டு பாத்ரூமில் ஈர டைல்ஸ் மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தபோது சிரிப்பு வரவில்லை. யாராவது ஒருத்தர் ஒரே ஒரு வரி முன்னாடியே சொல்லியிருந்தால் இது நடந்தே இருக்காது, அதுதான் வயிற்றெரிச்சல். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பம் போன வருடம் ஜனவரி, ஆபீஸ் மெடிக்கல் செக்கப். எனக்கு 44 வயது, நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை. மூன்று மாத சராசரி சர்க்கரை என்று சொல்வார்களே, அந்த ஹெச்.பி.ஏ.1.சி. 6.1 வந்திருந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய், நான் நடுவில், வாசற்படியில். அப்பா சர்க்கரையால் இரண்டு கால் விரல்களை இழந்தவர், அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றிய நாட்கள் எனக்கு மறக்காது. ரிப்போர்ட் வந்த ராத்திரி தூக்கமே இல்லை. டாக்டரிடம் போக வேண்டியவன் யூட்யூபுக்குப் போனேன். போனவன் அங்கேயே குடியிருந்துவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் ஜூஸ் குடித்தால் கல்லீரல் சுத்தமாகிறதாம், ரத்தம் சுத்தமாகிறதாம், குடல் சுத்தமாகிறதாம். எனக்குள் அவ்வளவு அழுக்கு இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

15,800 ரூபாய்க்கு ஒரு கோல்ட் பிரஸ் ஜூஸர், அதாவது மெதுவாக நசுக்கிப் பிழிகிற மெஷின், ஆறு மாத தவணையில். வீட்டில் மிக்ஸி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் மிக்ஸி பிளேடு வேகமாகச் சுற்றிச் சத்தைச் "சாகடித்துவிடும்" என்று ஒரு வீடியோவில் சொன்னதை நம்பினேன். வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஜூஸ் பிழிய ஐந்து நிமிடம் என்றால் அதைக் கழுவ இருபது நிமிடம். உள்ளே இருக்கிற சல்லடையில் கேரட் நார் போய் உட்கார்ந்துகொள்ளும், பழைய டூத் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தால்தான் வரும், ஒரு நாள் சோம்பேறித்தனம் பண்ணினால் மறுநாள் காலை புளித்த வாடை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்து இந்த வேலை. ஆப்பிள், பீட்ரூட், கேரட் சேர்த்த ஏ.பி.சி. ஜூஸ் ஒரு நாள், மாதுளை ஒரு நாள், நாலைந்து சாத்துக்குடி ஒரு நாள். தினம் 90, 100 ரூபாய் போனது. கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அக்கா, நான் கொண்டுபோய்க் கொட்டும் சக்கையை ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தையெல்லாம் குப்பையில போட்டுட்டுத் தண்ணியக் குடிக்கிறியே தம்பி" என்றார். பழைய காலத்து ஆள், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த அக்கா கதையில் மறுபடி வருவார்.

நடுவில் ஒரு பீட்ரூட் சமாச்சாரம். முதல் வாரத்தில் ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. கை கால் நடுங்கிவிட்டது. அப்புறம் விசாரித்தால், பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்கு அந்த நிறம் அப்படியே இறங்குமாம், ஆபத்து இல்லையாம். அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் சிவப்பைப் பார்த்தால் பீட்ரூட்டாக இருக்கும் என்று மனசு அன்று ஒரு பாடம் படித்துக்கொண்டது, அந்தப் பாடம்தான் பிறகு எனக்கு அரை மணி நேரத்தைத் தின்றது.

ஏப்ரல் கடைசியில் மறுபடி டெஸ்ட். 5.8 வரும் என்று மனக்கோட்டை. வந்தது 6.3. இந்தத் தடவை ஒழுங்காக ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், பெருமையாக ஜூஸ் பட்டியலை ஒப்பித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாலு சாத்துக்குடியை ஒரே நேரத்துல உரிச்சுச் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். மாட்டேன், இரண்டே அதிகம். "ஆனா குடிச்சிடுறீங்க, ரெண்டு நிமிஷத்துல." ஜூஸ்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், 0.2 வித்தியாசம் டெஸ்டுக்கு டெஸ்ட் வரலாம், ஆனால் இது உங்களுக்கு உதவவில்லை என்பது மட்டும் நிச்சயம் என்றார். பழத்தை முழுசாகச் சாப்பிட்டால் நார் இருக்கிறது, மெல்ல வேண்டியிருக்கிறது, சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. பிழிந்து நாரைக் குப்பையில் போட்டுவிட்டால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் இனிப்புத் தண்ணீர், கூடவே கொஞ்சம் வைட்டமின். உலக சுகாதார நிறுவனமே பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையை, காபியில் நாம் போடுகிற சீனியோடு ஒரே கணக்கில்தான் வைக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் ஜூஸ் வேண்டாம், முழுப் பழம் சாப்பிடுங்கள் என்றுதான் இருக்கிறது. நான் 15,800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்து இதைத் தெரிந்துகொண்டேன். ஹவுஸ் ஓனர் அக்கா இலவசமாகவே சொல்லியிருந்தார்.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தவணை இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. மெஷின் சமையல் மேடையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பழத்தில்தானே சர்க்கரை, காயில் இல்லையே என்று ஒரு யோசனை. வெண்பூசணி, சுரைக்காய், பாகற்காய் என்று இறங்கினேன். சர்க்கரைக்குப் பாகற்காய் நல்லது என்று ஊரே சொல்கிறது, அதோடு சுரைக்காயைச் சேர்த்தால் கசப்புக் குறையும் என்று நானே கண்டுபிடித்த ஃபார்முலா. இரண்டு வாரம் ஓடியது. அது மே மாதம், பள்ளி லீவு, மனைவியும் மகளும் திருச்சியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் தனி.

அந்த வியாழக்கிழமை காலை ஆறேகால் இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் தள்ளுவண்டியில் வாங்கிய சுரைக்காய். பிஞ்சுதான், நகம் நன்றாக இறங்கியது, தோல் வெளிர்பச்சையில் பளபளவென்று இருந்தது, பார்த்தால் படம் எடுத்து மாட்டலாம். பாதியை வெட்டிப் போட்டேன், விரல் நீளத்துக்குப் பாகற்காய், ஒரு துண்டு இஞ்சி. வெள்ளையும் பச்சையுமாக நுரை தள்ளிக்கொண்டு ஒரு பெரிய டம்ளர் வந்தது. முதல் வாய் வைத்ததுமே உடம்பு குலுங்கியது. பாகற்காய்க் கசப்பு நாக்கின் மேலே நிற்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். இது அப்படி இல்லை. தொண்டைக் குழியில் போய் ஒட்டிக்கொண்டு, எச்சில் விழுங்க விழுங்க ஏறியது. துப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன், உப்புப் போட்டேன், அப்படியும் முடியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தேன். சின்ன வயதில் வேப்பங்கொழுந்து உருண்டையை அம்மா அப்படித்தான் வாயில் போட்டுவிடுவார், டெங்கு சமயத்தில் நிலவேம்புக் கஷாயத்தையும் அப்படித்தான் குடித்தோம். கசந்தால் மருந்து, இனித்தால் நோய், அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். இன்னும் சொல்லப்போனால், இவ்வளவு கசந்ததே என்று எனக்கு ஒரு திருப்தி. பாகற்காய் இன்று நல்ல வீரியம் போல என்று நினைத்தேன்.

இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. குளிக்கத் துண்டை எடுத்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துணி பிழிகிற மாதிரி ஒரு வலி. முதல் வாந்தியில் குடித்ததெல்லாம் வந்தது, சரி, போய்விட்டது, இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது. கூடவே பேதி. வெறும் வயிற்றிலிருந்து என்னதான் வரும்? வந்துகொண்டே இருந்தது. ஏழு மணி வாக்கில் வாந்தியில் சிவப்புத் திரிகள் தெரிந்தன. இங்கேதான் அந்தப் பீட்ரூட் பாடம் வேலை செய்தது. நேற்று ராத்திரி மெஸ்ஸில் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டோமே, அதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு டைல்ஸ் மேல் படுத்துவிட்டேன். அடுத்த தடவை காபிப் பொடியைக் கரைத்த மாதிரி வந்தபோதுதான் பயம் வந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. மாடிப்படியை உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக இறங்கினேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா கோலமாவுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் மகன் பைக்கை எடுக்கப் போனதைத் தடுத்து, "மயக்கம் போட்டு விழுந்துட்டா என்னடா பண்ணுவ" என்று ஆட்டோ பிடித்துத் தானும் கூட ஏறிக்கொண்டார். 108க்குப் போன் பண்ணியிருக்கலாம், அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் வழக்கமான கேள்வி கேட்டார், நேற்று வெளியில் சாப்பிட்டீர்களா என்று. மெஸ் என்றேன். ஃபுட் பாய்ஸன் என்று எழுதிக்கொண்டு டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். காலையில் குடித்த ஜூஸ் எனக்கு ஞாபகமே வரவில்லை, காரணம் அது நல்ல விஷயம் என்கிற கணக்கில் இருந்தது, கெட்டதைத்தானே சொல்வோம். பி.பி. 80/50. வாந்தியில் ரத்தம் என்றதும் முகம் மாறியது, மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா, மருந்து குடித்தீர்களா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் எந்த "மருந்தை" நினைத்துக் கேட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தனியாக இருக்கிற ஆள், மனைவி ஊரில் இல்லை, கேட்கத்தானே செய்வார்கள். வாசலில் நின்ற அக்காதான், "தினம் காலங்காத்தால ஏதோ ஜூஸ் போடுவாரு டாக்டர், மெஷின் சத்தம் கேக்கும்" என்றார். என்ன ஜூஸ்? பாகற்காய், சுரைக்காய். சுரைக்காய் கசந்ததா? அந்தக் கேள்வியை இன்னொரு பெரிய டாக்டர் கேட்டார், நான் தலையாட்டினேன். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது.

அக்கா வீட்டுக்குப் போனதும் மாற்றுச் சாவி வைத்துத் திறந்து, ஃபிரிட்ஜில் இருந்த மிச்சப் பாதிச் சுரைக்காயில் கடுகளவு கிள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்திருக்கிறார். "எட்டியாட்டம் கசக்குது தம்பி, அரை மணி நேரம் வாய் கொப்புளிச்சேன்" என்றார் மறுநாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், அதுதான் நான் மேலே சொன்ன அந்த ஒரு வரி. "நறுக்கும்போது ஒரு துண்டு வாயில வச்சுப் பாக்கலியா? சுரைக்கா, வெள்ளரிக்கா, பீர்க்கங்கான்னா வச்சுப் பாத்துட்டுத்தானே போடுவாங்க?" எங்கள் அம்மாவும் செய்வார். வெள்ளரிக்காய்க் காம்பு நுனியை வெட்டித் தேய்த்து, ஒரு சின்னச் சில்லை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டுத்தான் மிச்சத்தை நறுக்குவார். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஏதோ பெண்கள் பழக்கம் என்று நினைத்திருந்தேன், அது உயிர் காக்கிற சோதனை என்று எனக்குத் தெரியவில்லை.

எண்டோஸ்கோபியில் இரைப்பையின் உள் தோல் முழுக்கப் புண், ரத்தக் கசிவு. இதற்கு முறிவு மருந்து என்று ஒன்று கிடையாது, டிரிப்ஸ் ஏற்றி, பி.பி.யைத் தாங்கிப் பிடித்து, அமிலத்தைக் குறைக்க ஊசி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான் என்றார்கள். நான் வாந்தி எடுத்துவிட்டதும், குடித்தது முழுசாக உள்ளே தங்காததும் அதிர்ஷ்டம்.

படுக்கையில் கிடந்தபடி போனில் படித்ததைச் சொல்கிறேன். பூசணிக் குடும்பத்துக் காய்களில் குக்குர்பிட்டாசின் என்று ஒரு கசப்புப் பொருள் உண்டு. ஆடு மாடு பூச்சி தின்னாமல் இருக்கச் செடி தனக்குத் தானே தயாரித்துக்கொள்வது. காட்டில் விளைகிற பேய்ச்சுரை கசப்பதும் இதனால்தான். நாம் சாப்பிடுகிற நாட்டுச் சுரைக்காய், தலைமுறை தலைமுறையாகக் கசப்பில்லாத விதையாகப் பொறுக்கிப் பொறுக்கி வந்தது, ஆனாலும் எங்கோ ஒரு காயில் அந்தப் பழைய கசப்பு திரும்பி வந்துவிடும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, பிஞ்சு முற்றல் கணக்கும் உதவாது. நாக்கு ஒன்றுதான் கருவி. 2010இல் தில்லியில், அரசு அறிவியல் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த 59 வயதுக்காரர் சுரைக்காயும் பாகற்காயும் கலந்த ஜூஸ் குடித்து இறந்துபோயிருக்கிறார். என்னுடைய அதே ஃபார்முலா. படித்தபோது கையில் இருந்த போன் நடுங்கியது. அதற்கப்புறம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு இதை ஆராய்ந்து, 2012இல் அறிக்கை வெளியாகியிருக்கிறது. அவர்கள் சொன்னது ரொம்ப எளிது. ஜூஸ் போடுமுன் ஒரு சின்னத் துண்டை ருசி பார், கசந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போடு. சுரைக்காய் ஜூஸோடு வேறு எந்த ஜூஸையும் கலக்காதே. குடித்தபின் குமட்டலோ வாந்தியோ பேதியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பாகற்காயை ஏன் கலக்கக் கூடாது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறவியிலேயே கசக்கிற காயைச் சேர்த்துவிட்டால், கசக்கக் கூடாத காய் கசப்பது எப்படித் தெரியும்? எலுமிச்சை, இஞ்சி, தேன் எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன.

சமைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், இந்தக் கசப்பு அடுப்புக்கு அசையாது. ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்ற ஊரில் 2015இல் 79 வயதுப் பெரியவர் ஒருவர், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்டே இறந்திருக்கிறார். சுக்கினி நம் பூசணிக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். என்ன, குழம்பிலோ கூட்டிலோ கசந்தால் முதல் கவளத்திலேயே தட்டைத் தள்ளிவிடுவோம், "என்னடி இது" என்று ஒரு சத்தமும் வரும். ஜூஸில்தான் ஆபத்து அதிகம். அரைக்காயை ஒரு டம்ளருக்குள் அடக்கி, ருசி தெரியாமல் இருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொள்கிறோம்.

பணக் கணக்கு: ஆஸ்பத்திரி பில் 71,400. இன்ஷூரன்ஸ் 57,900 கொடுத்தது, கையுறை, சிரிஞ்ச், அட்மிஷன் சார்ஜ் என்று கழித்தது போக என் கையிலிருந்து 13,500. ஒன்பது நாள் லீவு, அதில் நாலு நாள் சம்பளம் இல்லை. பிறகு ஆறு வாரம் இரைப்பைக்கு மாத்திரை. ஒரு மாதம் மோர் சாதமும் இட்லியும்தான், மிளகாய் வாசனை வந்தாலே வயிறு பிடித்துக்கொள்ளும். மனைவி திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு வார்த்தையும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பத்து நாள் கழித்து, சுத்தமாகக் கழுவித் துடைத்த ஜூஸரைப் பார்த்து, "இது இங்க இருக்கணுமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூஸே குடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பழத்தைக் கடித்துச் சாப்பிடுகிறேன், சாயங்காலம் ஒரு கொய்யா, பத்து இருபது ரூபாய்தான். அரைக்க வேண்டும் என்றால் பழைய மிக்ஸிதான்: மோரோடு வெள்ளரியும் கொத்துமல்லியும் ஒரு சுற்று, வடிகட்டுவதில்லை, நார் உள்ளேயே இருக்கட்டும். வெள்ளரி என்றால் முதலில் ஒரு சில்லு நாக்கில். கேரட்டைப் பச்சையாகப் பிழிவதைவிட எண்ணெய் விட்டுப் பொரியலாகச் சாப்பிட்டால் அதன் வைட்டமின் நன்றாகச் சேரும் என்று டாக்டர் சொன்னார், எனக்கு அதுதான் ருசியும்கூட. பச்சைக் கீரையைக் கட்டுக் கட்டாக அரைத்துக் குடிக்கிறவர்கள், முக்கியமாகச் சிறுநீரகக் கல் வந்தவர்கள், டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள், பசலை மாதிரிக் கீரைகளிலும் பீட்ரூட்டிலும் கல்லுக்குத் தீனி போடுகிற ஆக்ஸலேட் நிறைய. அப்புறம், எதைக் குடித்துவிட்டு உடம்பு சரியில்லாமல் போனாலும் டாக்டரிடம் "நல்லதையும்" சேர்த்துச் சொல்லுங்கள், கஷாயம், ஜூஸ், லேகியம் எல்லாவற்றையும். முடிந்தால் மிச்சக் காயையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். டிசம்பரில் எடுத்த டெஸ்டில் 5.9. தினம் முக்கால் மணி நேரம் நடக்கிறேன், ராத்திரிச் சோறு பாதியாகிவிட்டது, அதுதான் வேலை செய்திருக்கிறது போல.

ஜூஸரை 6,000 ரூபாய்க்கு விற்க ஆன்லைனில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி வந்தார், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும், ஜிம் உடம்பு. புதுசு மாதிரி இருக்கே, ஏன் சார் விக்கிறீங்க என்றார். உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப சுரைக்கா மட்டும் போடாம இருந்தா சரிதானே சார்?" என்றார். வெள்ளரியும் பீர்க்கனும் ருசி பார்க்காமல் போடாதே என்றேன். சரி சார் சரி சார் என்று சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு இழை கேரட் நார் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் காட்டி 500 ரூபாய் குறைத்துக்கொண்டு போய்விட்டார்.